தூக்கிவிட ஆளில்லாத குதிரை வீரன்



இக்கட்டுரையை நான் ஒரு பிழையை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தை விட்டு வெளியே வந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அன்றைய பாடம் முடிந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருக்க ஒரு கதை சொல்லலாம் என்று எண்ணி, ஐரோப்பாவில் முற்காலத்தில் வாழ்ந்த நைட் எனும் குதிரை வீரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் அணிந்தவர்கள். அக்கவசம் மிகக் கனமானது. அதனால் அவர்களால் தாமாகக் குதிரை ஏற முடியாது. கயிறும் கப்பியும் கொண்டு மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கித்தான் குதிரைமேல் இறக்குவார்கள் என்று கைகளால் நடித்தும் காட்டினேன். வகுப்பே சிரித்தது.

கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் கையை உயர்த்தினான். "ஐயா, சண்டையில குதிரையை விட்டு விழுந்துட்டா யாரு தூக்கிவிடுவா?"

"யாரும் தூக்கிவிட மாட்டாங்க. கிடந்தபடியே சாக வேண்டியதுதான்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப ஏன்யா அதைப் போட்டுக்கிட்டாங்க?" என்று கேட்டான். மணி அடித்தது. நான் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

இப்போது எண்ணிப் பார்க்கையில், அன்று அவ்வகுப்பில் வரலாற்று அறிவோடு பேசியவன் அந்தப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனே என்று தோன்றுகிறது. நான் சொன்னது வரலாறு அன்று. லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த 'ஐந்தாம் ஹென்றி' என்னும் 1944-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வரும் ஒரு காட்சி அது. எங்கோ, எப்போதோ பார்த்தது நெஞ்சில் தங்கிவிட்டது. திரையில் கண்டதைச் சான்று என்று நம்பி, கரும்பலகையின் முன் நின்றுகொண்டு, அதற்கு ஓர் ஆசிரியரின் வாக்கு என்னும் முத்திரையையும் குத்திவிட்டேன்.

இப்பிழையை எனக்கு உணர்த்தியவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். ஓய்வு நேரத்தில், வீட்டுக் கொல்லையில் சுத்தியலோடு அமர்ந்து, அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கவசங்களை அச்சுப் பிசகாமல் மீண்டும் செய்து பார்க்கும் பொழுதுபோக்காளர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களைப் பார்த்து நானும் சிறிய அளவில் செய்து கற்றுக்கொண்டதைப் பற்றியும் இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மழையில் நனைந்த தொடக்கம்

பழைய கவசத்தை மீண்டும் அணிந்து பார்க்கும் ஆசை புதியதன்று. 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், ஸ்காட்லாந்தில் எக்ளின்டன் பிரபு தம் மாளிகைத் திடலில் பழங்காலக் குதிரைப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். அன்றைய செல்வந்தர்கள் கவசம் பூண்டு, ஈட்டி ஏந்தி வந்தனர். பார்வையாளர்கள் பல்லாயிரவர் திரண்டனர். ஆனால் முதல் நாளே அடைமழை கொட்டித் தீர்த்தது. திடல் சேறாயிற்று. கவச வீரர்கள் குடை பிடித்த கதையைச் சொல்லிச் சொல்லி நாடே நகைத்தது. அது பணக்காரர்களின் கனவு விளையாட்டு. துல்லியத்தைப் பற்றி அங்கே எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

எளிய மக்களின் பொழுதுபோக்காக இது மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1966-ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டுக் கொல்லையில் இளைஞர்கள் சிலர் பழங்கால உடையணிந்து விருந்தொன்று நடத்தினர். அதிலிருந்து கிளைத்ததே 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்' என்னும் அமைப்பு. பின்னர் அது பல நாடுகளிலும் பரவியது. அவ்வமைப்பினர் கவசமணிந்து உண்மையாகவே மோதுகின்றனர். ஆனால் கையில் இருக்கும் வாள் இரும்பாலானதன்று. அது எதனால் ஆனது தெரியுமா? பிரம்பு!

ஆம், நண்பர்களே. நம் மலேசிய, இந்தோனேசியக் காடுகளில் விளையும் அதே 'ரோத்தான்' இனம்தான். ஒன்றேகால் அங்குல விட்டத்திற்குக் குறையாத பிரம்பு என்பது அவர்களின் விதி. மரக்கோல் உடைந்தால் கூரிய சிம்பாகப் பிளந்து கண்ணைக் குத்தும். பிரம்போ நார்நாராகப் பிரிந்து நைந்து போகுமேயன்றிச் சிம்பாகத் தெறிக்காது. நம் தலைமுறை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இப்பொருளின் வலிமையைப் பற்றி விளக்கம் தேவையில்லை!

இரும்பு ஆயுதங்களோடு மோதும் போட்டிகளும் உள்ளன. 2010-இல் உக்ரைனின் கோத்தின் கோட்டையில் 'நாடுகளின் சமர்' என்னும் பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. ஆயினும், என்னை ஈர்த்தவர்கள் இவர்களும் அல்லர். மோதுவதைவிட, சரியாகச் செய்வதையே குறிக்கோளாகக் கொண்ட மூன்றாம் கூட்டத்தார் அவர்கள்.

"உன் சான்று எங்கே?"

இக்கூட்டத்தாரிடம் ஓர் எழுதப்படாத விதி உண்டு. 'பழங்கால வீரன்' என்று பொதுவாக எவரும் கவசம் செய்யக்கூடாது. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தகைய வசதி படைத்தவன் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். 1360-இல் வாழ்ந்த ஒருவனின் மார்புக் கவசத்தோடு 1480-ஆம் ஆண்டுத் தலைக்கவசத்தை அணிந்து வந்தால், அது நம் தாத்தாவின் வேட்டியோடு பேரனின் விளையாட்டுக் காலணியைச் சேர்த்து அணிந்ததற்கு ஒப்பாகும். ஒவ்வொரு வார்ப்பூட்டுக்கும் ஒவ்வோர் ஆணிக்கும் "உன் சான்று எங்கே?" என்று சக பொழுதுபோக்காளர் கேட்பார். "திரைப்படத்தில் பார்த்தேன்" என்னும் விடை அங்கே செல்லாது.

சான்றுகள் மூவகைப்படும். முதலாவது, எஞ்சியிருக்கும் பொருள்கள். இரண்டாவது, ஓவியங்களும் கல்லறைச் சிற்பங்களும். மூன்றாவது, உயில்கள், பொருட்பட்டியல்கள் போன்ற எழுத்து ஆவணங்கள். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமிடத்தில்தான் முடிவு உறுதிப்படும்.

சிற்பச் சான்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் வாரிக் நகரில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் இருக்கிறது. 1439-இல் இறந்த ரிச்சர்டு பியூசம்ப் என்னும் பிரபுவின் கல்லறை மேல் பொன்முலாம் பூசிய உலோக உருவம் படுத்த நிலையில் உள்ளது. முதுகு யார் கண்ணிலும் படப்போவதில்லை. எனினும் அதை வடித்த கைவினைஞர்கள் முதுகுப்புறத் தகடுகளையும் வார்களையும் பூட்டுகளையும் விடாமல் வடித்துள்ளனர். அக்காலக் கவசம் எவ்வாறு பூட்டப்பட்டது என்பதற்கு இன்று அந்த முதுகே பாடநூல்.

எஞ்சிய பொருள்களில் ஒரு சிக்கல் உண்டு. அழகானதையும் விலையுயர்ந்ததையும்தான் மனிதர்கள் பாதுகாப்பார்கள். ஏழை வீரனின் கவசம் உருக்கப்பட்டுக் கலப்பையாகவோ ஆணியாகவோ மாறிவிடும். இதற்கு விதிவிலக்காக அமைந்தது ஒரு பெருந்துயரம். பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்துத் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே, 1361-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமரின் படை அத்தீவின் உழவர் படையை நசுக்கியது. மாண்டவர்களில் வளரிளம் பருவத்தினரும் முதியவர்களும் இருந்ததை எலும்புகள் காட்டுகின்றன. கோடைக் காலம், பிணங்கள் ஏராளம். ஆகவே பலரைக் கவசத்தைக் கழற்றாமலே பெருங்குழிகளில் இட்டுப் புதைத்துவிட்டனர்.

1905 முதல் 1930 வரை நடந்த அகழ்வுகளில் அக்குழிகள் திறக்கப்பட்டன. துணிக்கோ தோலுக்கோ உட்புறமாக இரும்புத் தகடுகளை அறைந்து செய்யப்பட்ட சட்டைகள் இருபதுக்கும் மேற்பட்டவை கிடைத்தன. பெங்ட் தோர்டெமன் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அவற்றைத் தகடு தகடாக அளந்து 1939-இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகின் எந்த மூலையிலும் ஒருவர் 'விஸ்பிச் சட்டை' செய்தால், அவர் பின்பற்றுவது அந்த அளவுகளைத்தான். அது ஒரு பொம்மைச் சட்டை அன்று. தன் ஊரைக் காக்க வந்து உயிர்விட்ட ஓர் உழவனின் கடைசி உடை. இதை உணர்ந்து செய்பவரின் கை சற்று நிதானமாகத்தான் இயங்கும்.

அறிஞரும் தடுமாறிய இடம்

இலண்டன் கோபுரத்தில் 'அரசர் வரிசை' என்னும் காட்சி நெடுங்காலம் இருந்தது. மரக்குதிரைகள் மேல் அரசர்கள் கவசத்தோடு வீற்றிருப்பர். 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னரும் அதில் முழுத் தகட்டுக் கவசத்தோடு இருந்தார். அத்தகைய கவசம் அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே வழக்கிற்கு வந்தது! சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்னும் அறிஞர் 1820-களில் இக்காட்சியைத் திருத்தி அமைத்தார். பழங்காலக் கவசம் பற்றி 1824-இல் அவர் வெளியிட்ட நூல், இத்துறையின் முன்னோடி நூல்.

ஆனால் அந்தப் பேரறிஞரும் ஓரிடத்தில் சறுக்கினார். பழைய ஓவியங்களில் வளையக் கவசம் பலவாறு வரையப்பட்டிருந்தது. ஓரிடத்தில் தனித்தனி வட்டங்களாக, ஓரிடத்தில் பட்டை பட்டையாக, ஓரிடத்தில் குறுக்கும் நெடுக்குமான கோடுகளாக. அவர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தனி வகைக் கவசம் என்று கருதிப் பெயரிட்டுவிட்டார். அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை வளையக் கவசத்தை வெவ்வேறு ஓவியர்கள் வெவ்வேறாக வரைந்தவை என்பதே பிற்கால அறிஞர்களின் முடிவு.

இதை நான் படித்தபோது முழுமையாக நம்பவில்லை. பிறகு என் வகுப்பறையிலேயே அது நிகழ்ந்தது. அதைச் சொல்வதற்கு முன், என் சொந்த முயற்சியைச் சொல்லிவிடுகிறேன்.

நானூறு வளையங்கள்

ஒரு வார காலப் பள்ளி விடுமுறையில் இரும்புக்கடைக்குச் சென்று கம்பிச் சுருள் ஒன்றை வாங்கி வந்தேன். எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் இரும்புக் குச்சியில் கம்பியைச் சுருள்போல் சுற்றி, குறடு கொண்டு வளையம் வளையமாக வெட்டினேன். ஐரோப்பிய வளையக் கவசத்தின் பின்னல் முறை சொல்வதற்கு எளியது. ஒவ்வொரு வளையமும் அடுத்துள்ள நான்கு வளையங்களைக் கோத்துச் செல்ல வேண்டும். அவ்வளவே. ஆனால் முதல் இரண்டு மாலைகளும் பின்னல் திசை மாறி மாறிச் சிக்குண்டு போயிற்று. விரல் நுனிகள் கன்றிப் போயின. வெட்டித் தெறித்த கம்பித் துணுக்குகள் காலில் குத்தியதில் என் துணைவியார் கடும் அதிருப்தி தெரிவித்தார்.

வாரக் கடைசியில், ஒரு பயிற்சிப் புத்தகத்தின் அட்டை அளவுக்கு ஒரு துண்டு உருவாயிற்று. எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய நானூறு வளையங்கள். ஒரு முழுச் சட்டைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வளையங்கள் வரை தேவைப்படும். அந்த எண்ணை நூலில் படித்தபோது அது வெறும் எண்ணாக இருந்தது. நானூறு வளையங்களில் விரல் கன்றிய பிறகுதான், ஒரு சட்டைக்குள் எத்தனை மனிதரின் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது புரிந்தது.

அடுத்த மாதமே மழைக்காலம். நம் நாட்டு ஈரக்காற்றில் என் கவசத் துண்டு செம்மண் நிறத்தில் துருவேறி நின்றது. அக்காலத்தவர் வளையச் சட்டையை மணல் நிறைந்த பீப்பாயில் இட்டு உருட்டித் துரு நீக்கினர். கோட்டைகளின் பொருட்பட்டியல்களில் இப்பீப்பாய்களும் இடம்பெறுகின்றன. நான் ஒரு பிஸ்கட் டின்னில் மணலைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். வியக்கத்தக்க வகையில் துரு போயிற்று! பின்னர், துத்தநாகம் பூசிய கம்பியில் மற்றொரு துண்டு செய்து வகுப்பிற்குக் கொண்டு சென்றேன்.

அன்று மாணவர்களிடம் அத்துண்டைக் கொடுத்து, "பார்த்து வரையுங்கள்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஒருத்தி அடுக்கடுக்காக வட்டங்கள் வரைந்தாள். ஒருவன் மீன் செதில்போல வரைந்தான். மற்றொருவன் வலைபோலக் குறுக்குக் கோடுகள் இழுத்தான். பொறுமை இழந்த ஒருவன் வரி வரியாக வளைகோடுகளைப் போட்டு முடித்துவிட்டான். மேசையில் இருந்தது ஒரே ஒரு துண்டு. தாள்களிலோ நான்கு வகைக் கவசம்! மெய்ரிக் எங்கே சறுக்கினார் என்பது அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. ஓவியச் சான்றை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துத் தாமே பேசத் தொடங்கிவிட்டனர்.

அப்போது ஒரு மாணவி பென்சில் முனையை ஒரு வளையத்துக்குள் விட்டு நெம்பினாள். வளையம் வாய் பிளந்தது. "அப்ப இது பொய்க் கவசமா, ஐயா?" என்றாள். பழைய நான் என்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். இம்முறை உண்மையைச் சொன்னேன். அக்காலத்துக் கவசத்தில் வளையத்தின் இரு முனைகளையும் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளையிட்டு, நுண்ணிய ஆணி அறைந்து மூடுவார்கள். எனக்கு அத்திறனும் கருவியும் இல்லாததால் முனைகளை வெறுமனே சேர்த்து வைத்திருக்கிறேன். "பின்னல் உண்மை, மூட்டு பொய்" என்றேன். அவள் நிறைவோடு தலையசைத்தாள்.

துல்லியம் என்பது எல்லாவற்றையும் பழையபடியே செய்துவிடுவதன்று. எது சான்றின்படி செய்தது, எது நம் வசதிக்காக மாற்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதும் துல்லியமே.

பாதத்தில் தொடங்கும் கவசம்

கவசம் என்றதும் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். அவனுக்குக் கவசம் உடலோடு பிறந்தது. ஐரோப்பியக் குதிரை வீரனுக்கு அவ்வரம் இல்லை. ஆகவே தோலோடு ஒட்டிப் பிறந்ததுபோல் அளவெடுத்துச் செய்து தரும் கொல்லர்களைத் தேடிச் சென்றான். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் நகரமும் ஜெர்மானிய நாட்டின் ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க் நகரங்களும் இக்கலையில் புகழ்பெற்று விளங்கின. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1515-இல் வெளிநாட்டுக் கொல்லர்களைக் கொண்டு தமக்கெனக் கிரீனிச்சில் ஒரு கவசப் பட்டறையை நிறுவினார்.

கவசத்தை அணியும் முறையை விளக்கும் பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று கிடைத்துள்ளது. தரையில் நின்று போரிடும் வீரனுக்கு உரியது அது. உள்ளே சாதாரணச் சட்டை கூடாது. பட்டு உள்தைத்த தடித்த துணியாலான மேலங்கி வேண்டும். அதில் துளைகள் இருக்க வேண்டும். அங்கியில் கட்டும் கயிறுகள் வில்நாணுக்குரிய நூலால் திரிக்கப்பட்டு, மெழுகு தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அவை நீளாமலும் அறாமலும் இருக்கும். முழங்காலில் தகடு உராயாதிருக்கச் சிறு கம்பளித் துண்டு சுற்ற வேண்டும். பின்னர் பாதத்தில் தொடங்கி, கணுக்கால், தொடை, இடுப்பு, மார்பு, கை என்று மேல்நோக்கிச் செல்ல வேண்டும். தலைக்கவசம் கடைசியில்தான்.

மீளுருவாக்கம் செய்வோர் பலரும் தொடக்கத்தில் இந்தத் துணி அங்கியைப் பொருட்படுத்துவதில்லை. பளபளக்கும் தகடுகள்தாமே கண்ணைக் கவர்கின்றன! தகடுகளை வெறும் சட்டைமேல் தோல்வாரால் கட்டிக்கொண்டு நடந்தால், எடை முழுவதும் தோளில் இறங்கி அரை மணியில் நடக்க முடியாமல் போகிறது. குறிப்பில் உள்ளபடி, உடலைக் கவ்விப் பிடிக்கும் அங்கி தைத்து, கால் கவசங்களை அதில் கயிற்றால் தொங்கவிட்டால், எடை இடுப்பிற்கும் உடல் முழுமைக்கும் பரவிவிடுகிறது. கவசத்தின் இரகசியம் இரும்பில் பாதி, தையலில் பாதி.

இரும்பிலும் ஒரு நுட்பம் உண்டு. இன்று கடையில் வாங்கும் தகடு எங்கும் ஒரே தடிப்பு. பழைய தலைக்கவசமோ அடி விழக்கூடிய நெற்றியில் தடித்தும், பக்கங்களில் மெலிந்தும் இருக்கும். மார்புத் தகடு முதுகுத் தகட்டைவிடத் தடித்திருக்கும். எங்கே அடி விழும் என்பதைக் கொல்லன் அறிந்திருந்தான். ஒரே தடிப்புள்ள தகட்டில் செய்யப்பட்ட இன்றைய போலிகள், பார்வைக்கு அப்படியே இருந்தும், மூலத்தைவிடக் கனமாகிவிடுவது இதனால்தான். கவசம் என்றாலே அசையவொட்டாத பாரம் என்னும் எண்ணத்திற்கு இத்தகைய போலிகளும் துணைபோயின.

அந்த மாணவனுக்கு விடை

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். விழுந்தால் யார் தூக்கிவிடுவார்?

போர்க்களத்துக்குரிய முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோகிராம் எடையுள்ளது. இன்றைய காலாட்படை வீரர் சுமந்து நடக்கும் சுமை பலவேளைகளில் இதைவிட அதிகம். ஈட்டி விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட தனிக் கவசங்கள் சில 40 கிலோவையும் தாண்டின. அவை சிறிது நேர விளையாட்டுக்கானவை, போருக்கானவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதும் கப்பிக் கதைக்கு இடம்கொடுத்திருக்கலாம்.

பிரான்சு நாட்டுத் தளபதி பூசிகோவின் வாழ்க்கை வரலாறு அவர் உயிரோடிருக்கும்போதே எழுதப்பட்டது. இளமையில் அவர் தலைக்கவசம் நீங்கலாக முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் அடித்தார் என்றும், அங்கவடியில் கால் வைக்காமலே குதிரைமேல் தாவினார் என்றும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்புறமாகக் கைகளாலேயே ஏறினார் என்றும் அது கூறுகிறது. புகழ்ச்சி நூல்தானே, மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால், உடலுக்கேற்ப அளவெடுத்துச் செய்த துல்லியமான மறுபடைப்பை அணிந்து இக்காலத்தவர் ஓடுகின்றனர்; உருள்கின்றனர்; ஏணி ஏறுகின்றனர். டேனியல் ஜாக்கே என்னும் ஆய்வாளர் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசம் ஒன்றின் மறுபடைப்பைக் கொண்டு உடல் அசைவுகளை அளந்து 2016-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

ஆகவே, விழுந்த வீரன் தானே எழுந்துகொள்வான். இதுவே விடை.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் ஒரு பிழையை நீக்கி மற்றொரு பிழையை நட்டவன் ஆவேன். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் அஸ்கியூவும் அவர்தம் குழுவினரும் 2011-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். கவசம் அணிந்து பழகிய அருங்காட்சியக வீரர்களை, மறுபடைப்புக் கவசங்களோடு நடைப்பொறியில் நடக்கவும் ஓடவும் வைத்தனர். அக்கவசங்கள் 30 முதல் 50 கிலோ வரை, அதாவது மேலே சொன்னதைவிடக் கனமானவை. நடப்பதற்கு ஏறக்குறைய 2.3 மடங்கும், ஓடுவதற்கு 1.9 மடங்கும் ஆற்றல் செலவாயிற்று. காலில் பூட்டிய எடையை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்க வேண்டியிருப்பது ஒரு காரணம். மார்புத் தகடு ஆழ்ந்து மூச்சுவிட இடந்தராததால் வீரர்கள் வேகவேகமாகச் சிறு மூச்சு விட்டனர். அதே எடையை முதுகுப் பையில் சுமப்பதைவிட இது கடினம்.

1415-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், அஜின்கோர்ட் களத்தில், உழுத வயலின் சேற்றில் பிரெஞ்சு வீரர்கள் கவசத்தோடு நடந்தே முன்னேறினர். ஆங்கிலேயரை நெருங்கும்போதே களைத்துப் போயினர். குட்டிக்கரணம் அடித்த அதே பூசிகோவும் அன்று சிறைப்பட்டார்; இங்கிலாந்தில் சிறையிருந்தபடியே 1421-இல் இறந்தார்.

கவசம் சிறகும் அன்று, சிறையும் அன்று. அது உயிரைக் காத்தது. அதற்கான விலையை மூச்சில் வாங்கிக்கொண்டது. "அப்ப ஏன்யா போட்டுக்கிட்டாங்க?" என்னும் இரண்டாவது கேள்விக்கு இதுவே என் விடை. இருபது ஆண்டுகள் தாமதமான விடை.

ஒரு திருமண வீட்டில்

சென்ற ஆண்டு ஓர் உறவினர் திருமணத்தில், "ஐயா, என்னைத் தெரியுதா?" என்று ஒருவர் கை கூப்பினார். அதே மாணவன். இப்போது ஒரு குழந்தைக்குத் தந்தை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நலம் விசாரித்துவிட்டு அந்தக் கேள்வியை நினைவூட்டினேன். கேள்வி கேட்டதே அவருக்கு நினைவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கப்பிக் கதை மறக்கவே இல்லீங்க ஐயா. போன வாரம்கூட என் மகள்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா."

என் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. நல்ல கேள்வி மறந்துவிட்டது. தவறான விடை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் நண்பர்களே, நாம் மணி அடிக்கும்வரை பொழுதைக் கடத்தச் சொல்லும் சொல் எத்தனை தொலைவு செல்கிறது பாருங்கள்! தேர்வுக்குக் கற்பித்தவை தேர்வோடு போய்விடுகின்றன. சிரிக்கச் சொன்னவையோ நிலைத்து நிற்கின்றன.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் அட்டையிலும் கம்பியிலும் எதையோ செய்து வீட்டைக் குப்பையாக்கும்போது உடனே கடிந்துகொள்ளாதீர்கள். "இது ஏன் இப்படி இருக்கிறது? உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு கேள்விகளும் பழகிவிட்டால், கேட்டதை எல்லாம் நம்பிவிடாத பிள்ளையாக அது வளரும்.

அந்தத் திருமண வீட்டிலேயே சிறுமியை அருகில் அழைத்தேன். ஆறு வயதிருக்கும். "அப்பாவுக்கு நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன், கண்ணு. அவங்களை யாரும் தூக்கிவிட வேணாம். விழுந்தா அவங்களே எழுந்துக்குவாங்க" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?"

தந்தையின் மகள்! அடுத்த விடுமுறையில் அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்கு வருவதாக வாக்களித்திருக்கிறேன். கம்பியும் குறடும் வாங்கியாயிற்று. அவளுக்குரிய குறடு சற்றுச் சிறியது.